கடன் கொடுக்கிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் ஒரே ஆள் இருக்கலாமா? டாக்டர் பாத்தே பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். தடுப்பூசிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நான் பேசியதைக் கேட்ட ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: "நைஜீரிய டாக்டர் முகமது அலி பாத்தே உலக வங்கியில் இருந்தார், அரசாங்கத்துக்கு வந்தார், திரும்ப உலக வங்கிக்குப் போனார், மறுபடியும் அமைச்சரானார். கடன் கொடுக்கிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் ஒருவரே மாறி மாறி உட்காருவது சரியா? நடுவில் கிடைத்த ஜெனீவா பதவியை ஏன் விட்டார்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியில், ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் ஜெனீவாவின் 'கவி' தடுப்பூசிக் கூட்டமைப்பு தன் அடுத்த தலைமைச் செயல் அதிகாரி இவர்தான் என்று அறிவித்தது. ஆகஸ்டில் பொறுப்பேற்க வேண்டியவர், ஜூனிலேயே வரவில்லை என்று சொல்லிவிட்டார். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் பணியாற்றச் சொல்லி வந்த வேண்டுகோளை ஏற்றுக்கொண்டார் என்று கவியே அறிக்கை விட்டது, ஆகஸ்டில் நைஜீரியாவின் சுகாதார அமைச்சரானார். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் கற்பனை செய்து சொல்லக் கூடாது. ஆனால் அவர் 2008-இலும் இதே மாதிரி ஊருக்குத் திரும்பியவர்தான், அந்தக் கதையில்தான் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இருக்கிறது.

2000-இல் உலக வங்கியில் சேர்ந்தவர், 2008-இல் நைஜீரியாவின் தேசிய ஆரம்ப சுகாதார முகமைக்குத் தலைவராக வருகிறார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நைஜீரியாவில் 798 பேருக்கு போலியோ, அதாவது உலகம் முழுக்கப் பதிவானதில் கிட்டத்தட்ட பாதி. சரி, மருந்து இல்லையா, பணம் இல்லையா என்றால், அது இல்லை முக்கியமான சிக்கல். 2003-இல் கானோ உள்ளிட்ட சில வட மாநிலங்கள் சொட்டு மருந்தையே நிறுத்தி வைத்திருந்தன, பிள்ளைகளுக்கு மலட்டுத்தன்மை வரும் என்று வதந்தி. அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் 1996-இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் அதே கானோவில் குழந்தைகளிடம் ஒரு புது மருந்தைச் சோதித்து, அது பெரிய வழக்காகப் போன ஊர் அது. வெளியிலிருந்து வருகிற மருந்து என்றாலே பயப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது.

2009-இல் நைஜீரிய முஸ்லிம்களின் ஆன்மிகத் தலைவரான சோகோட்டோ சுல்தான் தலைமையில் வட நைஜீரியாவின் பாரம்பரியத் தலைவர்கள் குழு அமைத்து இந்த வேலையில் இறங்கினார்கள், ஊர்ப் பெரியவர்களே வீடு வீடாகப் பேசினார்கள். 2010-இல் எண்ணிக்கை 21. ஆனால் இதற்காக பாத்தே ஒருவருக்கு மட்டும் மாலை போட்டுவிடக் கூடாது, 2012-இல் மறுபடி 122 ஆனது, 2013 பிப்ரவரியில் கானோவில் சொட்டு மருந்து போடப் போன பெண்களைச் சுட்டே கொன்றார்கள். அதையெல்லாம் தாண்டி 2020 ஆகஸ்டில்தான் ஆப்பிரிக்கா முழுவதும் இயற்கைப் போலியோ வைரஸ் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது. அந்தப் பெண்களை நினைக்காமல் அந்த அறிவிப்பைச் சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம், அந்தச் சொட்டு மருந்துக்குப் பணம் வந்த விதம். ஏழை நாடுகளுக்கு உலக வங்கியின் ஐ.டி.ஏ. பிரிவு வட்டியே இல்லாத அளவுக்கு நீண்ட காலக் கடன் கொடுக்கும். நைஜீரியாவும் பாகிஸ்தானும் அந்தக் கடனில் போலியோ மருந்து வாங்கி, குறித்த இலக்குப்படி குழந்தைகளுக்குப் போட்டு முடித்தால், கேட்ஸ் அறக்கட்டளை, ரோட்டரி போன்றவர்கள் அந்தக் கடனை அடைத்துவிடுவார்கள் என்று 2003-இல் ஒரு ஏற்பாடு வந்தது. வேலையை முடித்த நாட்டுக்கு அந்தக் கடன் மானியமாகிவிடும். பல வருடம் கழித்து அடைக்க வேண்டிய கடனை இன்றைக்கே தீர்த்தால் முழுத் தொகையும் தேவைப்படாது, அதனால் கொடையாளிக்கும் செலவு குறைவு. நான் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

பாத்தே 2011-இல் சுகாதார இணையமைச்சரானார், 2013-இல் விலகினார். நடுவில் 2012-இல் 'பத்து லட்சம் உயிர்களைக் காப்போம்' என்ற திட்டம் தொடங்கியது, அதற்கு 2015-இல் உலக வங்கி 50 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. சிமெண்ட், வண்டி என்று பில் காட்டினால் பணம் இல்லை, தடுப்பூசி போட்ட குழந்தைகள் எத்தனை சதவீதம் கூடினார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துத்தான் பணம். நம் தமிழ்நாடு சுகாதாரத் துறை 2019-இல் வாங்கிய 28.7 கோடி டாலர் கடனும் இதே வகைதான், முடிவைக் காட்டினால் பணம்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. 2019-இலிருந்து 2021 வரை அவர் உலக வங்கியின் சுகாதாரப் பிரிவுக்கே உலக இயக்குநர். அதே ஆள் பிறகு கடன் வாங்கும் நாட்டின் அமைச்சர் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும், அது வர வேண்டிய சந்தேகமும் கூட. என் கருத்து இதுதான்: ஆள் மாறுவதால் மட்டும் தவறாகிவிடாது. கானோவில் மருந்து கையில் இருந்தும் வீட்டுக் கதவு திறக்காததைப் பார்த்தவர் வாஷிங்டனில் உலக வங்கி மேசையில் இருப்பது அந்த மேசைக்குத் தேவை. ஆனால் கடன் ஒப்பந்தம் பொதுவில் இருக்க வேண்டும், முடிவைக் கணக்கெடுப்பவர் அமைச்சருக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு நல்லவர் வந்தாலும் நான் கேள்வி கேட்பேன்.

கடனை விடப் பெரிய கேள்வி சொந்தப் பணம். பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001-இல் கையெழுத்திட்டது நைஜீரியத் தலைநகர் அபுஜாவில்தான், நைஜீரியா அதைத் தொட்டதே இல்லை. ஆரம்ப சுகாதாரத்துக்கு மத்திய வருவாயில் குறைந்தது 1 சதவீதம் என்று 2014-இல் சட்டம் வந்தும், 2018 பட்ஜெட்டில்தான் முதல் முறையாக ஒதுக்கினார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது அந்த நாட்டு நாடாளுமன்றம் சுகாதாரத்துக்குக் கூடுதலாக 20 கோடி டாலர் ஒதுக்கியது. பாத்தேவின் வேலையை எடை போட நினைத்தால் ஜெனீவா பதவியை விடுங்கள், அந்த ஒதுக்கீட்டில் எவ்வளவு பணம் உண்மையில் ஒரு கிராமத்து சுகாதார நிலையம் வரை போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.