சந்தேகம் இருந்தா கேளுங்க

நேயர்களுக்கு வணக்கம்.

கணினித் துறைக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு நிறுவனங்கள் எப்படி உதவலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக இந்த மாதிரித் தலைப்பு கொடுத்தால் வந்து உட்காருகிறவர் பிள்ளைகளுக்குத்தான் புத்தி சொல்வார். இங்கிலீஷ் பழகு, ஆப்டிட்யூட் போட்டுப் பார், ரெஸ்யூமை ஒரு பக்கத்துக்குள் அடக்கு. கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும். இன்றைக்கு அவர்களை விட்டுவிடலாம். 22 வருஷமாக மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருந்தார். இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேஜை, சுவரில் பெரிய கண்ணாடி. தொழில் பழக எப்போதும் ஒரு பையன் இருப்பான். வந்த வாரமே அவன் கையில் ஊசி கொடுத்துவிடுவார். முதலில் பட்டன் கட்ட வேண்டும். அது கை வந்ததும் காஜா. காஜா என்றால் பட்டன் நுழைகிற துளை. அதன் ஓரத்தைச் சுற்றி நூலால் கட்டுவது. இப்போது அதற்கு மெஷின் இருக்கிறது, அப்போது கையால்தான். அப்புறம் ஓரம் மடித்து அடிப்பது, பாக்கெட், காலர். கத்தரிக்கோல் மட்டும் கடைசி வரை அப்பாவிடம் இருக்கும். பட்டனைக் கோணலாகக் கட்டினால் அறுத்துவிட்டு மறுபடி கட்டலாம். துணியைத் தப்பாக வெட்டினால் அவ்வளவுதான், கடைக்காரர் புதுத் துணி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். பையன் பட்டன் கட்டியது பழந்துணியில் இல்லை. யாரோ ஒருவர் தீபாவளிக்குப் போடப்போகிற சட்டையில். அந்தச் சட்டை தெருவில் போகும்போது கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி, அது நான் கட்டுன பட்டன்" என்பான். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஆனால் அன்று சாயங்காலம் டீயோடு ஒரு வடையும் வரும்.

எங்கள் துறையில் என்ன நடக்கிறது? கேம்பஸில் எடுத்த பிள்ளையை மாதக்கணக்கில் ட்ரெயினிங் என்ற பெயரில் யாருக்கும் வேண்டாத நூலக மென்பொருளை எழுத வைப்போம். நூறு பேர் அதே நூலகத்தை எழுதுவார்கள். முடித்ததும் பெஞ்ச், அதாவது புராஜெக்ட் எதுவும் இல்லாமல் காத்திருப்பது. இல்லையென்றால் ஒரேயடியாகக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, "நைட் புரொடக்‌ஷன் சப்போர்ட் நீ பார்த்துக்கோ" என்போம், அதாவது வாடிக்கையாளர் நிஜமாகப் பயன்படுத்துகிற மென்பொருளை ராத்திரியில் பார்த்துக்கொள்கிற பொறுப்பு. நடுவில் பட்டன் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள் உலகத்துக்காரர்கள் மறக்கவில்லை. புதியவர் முதலில் கை வைக்கத் தோதான சின்னப் பிழைகளைத் தனியாக எடுத்துவைத்து, 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று சீட்டு ஒட்டிவிடுவார்கள். கூகுள் 2005 முதல் நடத்திவரும் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்திலும் புதியவருக்கு ஒரு நிஜ மென்பொருள், கூடவே வழிகாட்டி ஒருவர். எங்கோ இருக்கிற வழிகாட்டி, பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை. ஒரே மாடியில் இருக்கிற எங்களால் முடியவில்லை.

முடியவில்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், நானே செய்த தப்பு ஒன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். விருதுநகர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் என் டீமில் சேர்ந்தார். வீட்டிலேயே முதல் பட்டதாரி. திங்கட்கிழமை காலை அவருக்கு லேப்டாப்பைக் கொடுத்து, நான் சொன்னது இவ்வளவுதான்: "கோட் எல்லாம் இதுல இருக்கு, படிச்சுப் பாருங்க. ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க." சொல்லிவிட்டுத் திரும்பி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். திங்கள், செவ்வாய், புதன். எப்போது பார்த்தாலும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். மேனேஜரிடம் போய், "நல்லா படிக்கிற பொண்ணு சார்" என்று சர்டிஃபிகேட்கூடக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காபி எடுக்கப் போகும்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். திரையில் சிவப்பில் ஒரு வரி. அனுமதி இல்லை. அவருக்கு அந்தக் கோட், அதாவது நிரல், இருக்கிற இடத்துக்குள் நுழையவே அனுமதி வாங்கித் தரவில்லை. வாங்கித் தர வேண்டியவன் நான். நோட்டைப் பார்த்தேன். 11 பக்கம். வந்த பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து எழுதி, அதற்குக் கீழே என்னென்ன செய்து பார்த்தார் என்று மணி போட்டு வரிசையாக.

"ஏம்மா, கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க ஹெட்ஃபோன் போட்டிருந்தீங்க சார்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "செவ்வாக்கெழம கழட்டுனீங்க சார். எந்திரிச்சு வந்தேன். அதுக்குள்ள உங்களுக்கு போன் வந்துருச்சு" என்றார்.

ஒரு மெயில் போட்டேன். பத்து நிமிஷத்தில் அனுமதி வந்துவிட்டது. மூன்று நாள், பத்து நிமிஷம்.

"சந்தேகம் இருந்தா கேளுங்க" என்பதைவிட உபயோகமில்லாத வாக்கியம் எங்கள் துறையில் கிடையாது. சொல்கிறவருக்குக் கடமை முடிந்தது. கேட்கிறவருக்குத்தான் பாரம். இது கேட்கலாமா, கேட்டால் 'இதுகூடத் தெரியாமல் எப்படி உள்ளே வந்தாய்' என்பாரா, அவர் வேலையாக இருக்கிறாரா, எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். தவிர, அவருக்கு இருந்தது சந்தேகமே அல்ல. பூட்டின கதவு. சாவி என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் சாவியை எப்படிக் கேட்பார்?

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புதிதாக ஒருவர் வந்தால் முதல் மாதம் தினமும் காலை 11 மணி, மாலை 4 மணி, கால் கால் மணி நேரம், நானே எழுந்து அவர் மேஜைக்குப் போவேன். அவரை வரச் சொல்வதில்லை, நான் போவேன். "சந்தேகம் இருக்கா?" என்று கேட்க மாட்டேன். கேட்டால் "இல்ல சார்" என்பதுதான் பதில், எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "எதுவரைக்கும் வந்திருக்கீங்க, காட்டுங்க" என்பேன். காட்டும்போது எல்லாம் வெளியே வந்துவிடும்.

அந்த 11 பக்கத்தை என்ன செய்தோம் தெரியுமா? டைப் செய்யச் சொன்னேன். அடுத்துச் சேர்ந்தவருக்கு அதுதான் வழிகாட்டிக் குறிப்பு. அவர் அதில் விட்டுப்போனதைச் சேர்த்தார், அதற்கடுத்தவர் பழசானதைத் திருத்தினார். முதல் வாரத்தில் அந்தக் குறிப்பில் ஒரு திருத்தமாவது செய்ய வேண்டும் என்பது இன்றும் எங்கள் டீமில் சட்டம். அதுதான் எங்கள் கடைப் பட்டன்.

இதற்கெல்லாம் சீனியருக்கு ஏது நேரம் என்பார்கள். நேரம் ஒரு நாளைக்கு அரை மணி. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. வருஷக் கடைசியில் அப்ரைசல், அதாவது வேலை மதிப்பீடு, போடும்போது, எத்தனை டிக்கெட், அதாவது ஒப்படைத்த வேலை, முடித்தாய் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை பேரைக் கைதூக்கிவிட்டாய் என்று கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத வேலையை எத்தனை நாள் ஒருவர் செய்வார்? நிர்வாகத்தில் இருப்பவர்கள் அந்தக் கட்டத்தைச் சேர்த்துவிட்டு அப்புறம் மென்டர், வழித்துணை என்றெல்லாம் பேர் வைக்கலாம்.

அடுத்தது வாசல், அதாவது ஆள் எடுக்கும்போது போடுகிற நிபந்தனை. பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி, மூன்றிலும் 60 சதவீதம், ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது. பன்னிரண்டாவதில் டைஃபாய்டோடு பரீட்சை எழுதினவர் நாலு வருஷம் கழித்து எழுதும் நிரலில் என்ன குறை வந்துவிடும் என்று எனக்கு இன்றும் யாரும் சொல்லவில்லை. வடிகட்டச் சுலபம், அதனால் வைத்திருக்கிறோம். ஸோஹோ நிறுவனம் 2005-ல் ஆறு மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கியது. பன்னிரண்டாவதோ டிப்ளமோவோ முடித்தால் போதும். கட்டணம் கிடையாது, படிக்கிற காலத்தில் உதவித்தொகை. இன்று சென்னையிலும் தென்காசியிலும் நடக்கிறது. எல்லாரும் பள்ளி நடத்த முடியாது, சரி. ஆனால் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இரண்டரை சதவீதமாவது அப்ரெண்டிஸ், அதாவது தொழில் பழகுநர், வைக்க வேண்டும் என்று 1961-ஆம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் உண்டு. இதைச் சொன்னால், "அது ஃபேக்டரிக்குத்தானே சார்" என்கிற மென்பொருள் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம். தையல் கடையில் ரொம்ப நேரம் இருந்துவிட்டேன் போல. குழந்தை வளர்ப்பதற்காக வேலையை விட்டுவிட்டு ஐந்தாறு வருஷம் கழித்துத் திரும்பி வருகிற பெண்களும் புதியவர்கள்தான், அவர்களைப் பற்றித்தான் பாதி நேரம் பேசுவதாக இருந்தேன். அது இனி இன்னொரு நாள்.

ஒன்று மட்டும். ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டுச் சேரும் தேதி சொல்லாமல் மாதக்கணக்கில் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்திருக்கும் மனிதவளத் துறை நண்பர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், மாதம் ஒரு மெயில் போடுங்கள். தேதி தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே போடுங்கள். அங்கே வீட்டில் சொந்தக்காரர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், "என்னப்பா, இன்னும் கூப்பிடலையா?" என்று. வணக்கம்.