மாத்திரை விற்ற பெண்ணுக்கே மாத்திரை இல்லை: அமெரிக்காவின் கருத்தடைக் காப்பீட்டு வழக்குகள்

[காட்சி: மருந்துக் கடைக் கவுண்டர். அலமாரி முழுக்க மருந்துப் பெட்டிகள்.]

வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். பல கிளைகள் உள்ள ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கும் இளம் பெண் மருந்தாளுநர். மருந்துச் சீட்டோடு வருகிற பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அவருடைய அன்றாட வேலைகளில் ஒன்று. அவருக்கும் அதே மாத்திரை தேவைப்பட்டது. முதலாளி கொடுத்த மருத்துவக் காப்பீடு அவரிடம் இருந்தது. ரத்த அழுத்த மாத்திரைக்கு அந்தக் காப்பீடு பணம் தரும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்கும் தரும். கருத்தடை மாத்திரைக்குத் தராது!

தான் விற்கிற மருந்தைத் தன் சம்பளத்திலிருந்து முழு விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை. அவர் வழக்குப் போட்டார். 2001 ஜூனில் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மற்ற மருந்துகளுக்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டு, பெண்கள் மட்டுமே உட்கொள்ளும் கருத்தடை மருந்தை ஒதுக்கி வைப்பது பாலினப் பாகுபாடு என்றது நீதிமன்றம்.

இன்னொரு ஒப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்தது 1960-இல். ஆண்களுக்கான வயாக்ரா மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது 1998 மார்ச்சில். வயாக்ரா வந்த சில மாதங்களிலேயே பல காப்பீட்டு நிறுவனங்கள் அதற்குப் பணம் தரத் தொடங்கிவிட்டன. பெண்களின் மாத்திரையோ முப்பத்தெட்டு ஆண்டுகளாக வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அமெரிக்கப் பெண்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பே இல்லை. அதே 1998-இல், கருத்தடைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் மேரிலாந்து.

[காட்சி: நாடாளுமன்றக் கட்டடம்]

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில், மேரிலாந்து செனட்டர் பார்பரா மிகுல்ஸ்கியின் முயற்சியால் பெண்களுக்கான நோய்த்தடுப்புச் சேவைகள் சேர்ந்தன. 2011-இல் மருத்துவ வல்லுநர் குழு ஒன்று அந்தப் பட்டியலில் கருத்தடையையும் சேர்க்கச் சொன்னது. 2012 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலான தனியார் காப்பீடுகள் பெண்ணிடம் ஒரு காசு வாங்காமல் கருத்தடைச் செலவை ஏற்க வேண்டும் என்றாயிற்று. தேவாலயங்களுக்கு விலக்கு உண்டு. அவ்வளவுதான் பின்னணி.

சண்டை அங்கேதான் தொடங்கியது. 2012 பிப்ரவரி 16 அன்று நாடாளுமன்றக் குழு ஒன்று இதைப் பற்றி விசாரணை நடத்தியது. முதல் அமர்வில் சாட்சி சொல்ல ஐந்து பேர் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ஐவரும் ஆண்கள். "பெண்கள் எங்கே?" என்று கேட்டார் உறுப்பினர் கரோலின் மலோனி. அந்தப் படத்தைத் திரையில் போடுகிறேன், நீங்களே பாருங்கள்.

அன்று பேச அனுமதி மறுக்கப்பட்டவர் சாண்ட்ரா ஃப்ளூக், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவி. ஒரு வாரம் கழித்து ஜனநாயகக் கட்சியினர் கூட்டிய இன்னொரு அமர்வில் அவர் பேசினார். தன் தோழி ஒருவரின் கதையைச் சொன்னார். அந்தத் தோழிக்குச் சினைப்பை நீர்க்கட்டி நோய். மருத்துவர் எழுதிக் கொடுத்தது கருத்தடை மாத்திரை. கர்ப்பத்தைத் தடுக்க அல்ல, சினைப்பையில் கட்டி வளராமல் இருக்க. காப்பீட்டுக்காரர்கள் அதை நம்பவில்லை. கர்ப்பத்தைத் தடுக்கத்தான் கேட்கிறாய் என்று சந்தேகப்பட்டு மறுத்தார்கள். கைக்காசு போட்டுச் சில மாதம் வாங்கினார். பிறகு முடியவில்லை, நிறுத்திவிட்டார். ஒரு நாள் நள்ளிரவில் தாங்க முடியாத வலியோடு விழித்தார். டென்னிஸ் பந்து அளவுக்குக் கட்டி வளர்ந்திருந்தது. சினைப்பையையே அகற்ற வேண்டியதாகிவிட்டது.

இதைக் கேட்கும்போது நம் வீட்டுப் பெண்களில் யாராவது ஒருவர் உங்கள் நினைவுக்கு வந்திருப்பார். எனக்கு வந்தார். மாதம் பத்து நாள் உதிரப்போக்கோடு வேலைக்குப் போகிறவர், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) வலியில் சுருண்டு படுக்கிறவர் என்று எத்தனையோ பேருக்கு இந்த மாத்திரையும், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சுரக்கும் சாதனமும்தான் மருந்து. மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறது என்பதும் உறுதிப்பட்ட செய்தி. பக்கவிளைவுகளும் உண்டு. சிலருக்கு ரத்தம் உறையும் ஆபத்து கூடும், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு உயரும். சட்டத்தின்கீழ் மாத்திரையோடு மருத்துவரின் ஆலோசனையும் இலவசமாகச் சேர்க்கப்பட்டது. எந்தப் பெண்ணுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை அவளும் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். முதலாளி அதற்குள் வர வேண்டியதில்லை. இது என் கருத்து, இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

[காட்சி: கைவினைப் பொருள் கடை]

ஆனால் ஒரு முதலாளி வந்தார். ஓக்லஹோமாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஹாபி லாபி' என்ற கைவினைப் பொருள் நிறுவனம். கிறித்தவ நம்பிக்கையில் ஊறிய குடும்பம் நடத்துவது. ஒப்புதல் பெற்ற இருபது கருத்தடை முறைகளில் பதினாறுக்கு அவர்கள் ஆட்சேபம் சொல்லவில்லை. நான்கு மட்டும் கூடாது என்றார்கள். உறவுக்குப் பிறகு போடும் அவசர மாத்திரை இரண்டு வகை, கருப்பைச் சாதனம் இரண்டு வகை. கருவுற்ற முட்டை கருப்பையில் பதியாமல் அவை தடுத்துவிடக்கூடும், அது கருவைக் கொல்வதற்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த ஐவரும் ஆண்கள். நீதிபதிகளாக இருந்த மூன்று பெண்களும் எதிர்த்தார்கள்.

அந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றான 'பிளான் பி' பற்றி ஒரு செய்தி. கரு பதிவதை அது தடுப்பதில்லை, முட்டை வெளியேறுவதைத்தான் தள்ளிப்போடுகிறது என்று மருந்தோடு வரும் தாளில் தெளிவாக்கினார்கள். எப்போது? 2022 டிசம்பரில். தீர்ப்பு வந்து எட்டு ஆண்டுகள் கழித்து.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கணக்கு வரும், ஆனால் எளிய கணக்கு.

ஹாபி லாபி வழக்கில் பெரும்பான்மையோடு மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஒரு வரி எழுதினார். குறைந்தபட்சக் கூலி வாங்கும் பெண்ணுக்கு, ஒரு கருப்பைச் சாதனத்தின் செலவு ஏறக்குறைய ஒரு மாத முழுச் சம்பளம் என்று. இது சரிதானா என்று நாமே போட்டுப் பார்ப்போம். அமெரிக்கக் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையிலிருந்து அது உயரவே இல்லை. எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு நாளைக்கு 58 டாலர். ஐந்து நாள் வாரத்துக்கு 290. நான்கு வாரத்துக்கு 1,160. காப்பீடு இல்லாமல் போனால் சாதனத்தின் விலை, மருத்துவர் கட்டணம், பொருத்தும் செலவு எல்லாம் சேர்ந்து ஆயிரம் டாலரைத் தாண்டிவிடலாம். ஆக, அந்த மாதம் வீட்டு வாடகை கட்டாமல், அரிசி பருப்பு வாங்காமல் இருந்தால்தான் அவளால் அதைப் பொருத்திக்கொள்ள முடியும்.

சரி, மலிவான முறை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். மாத்திரையைப் பயன்படுத்தும் நூறு பெண்களில் ஆண்டுக்கு ஏழு பேர் கர்ப்பமாகிவிடுகிறார்கள். ஆணுறையில் பதின்மூன்று பேர். மாத்திரை கெட்டது என்று பொருளில்லை. தினமும் மறக்காமல் போடுவது மனிதர்களால் எப்போதும் முடிவதில்லை. இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறிப் பார்க்கிற பெண்ணுக்கு அது இன்னும் கடினம். காப்பர் டி போன்ற கருப்பைச் சாதனத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். மொத்தத்தில் பார்த்தால் அதுதான் மலிவு. ஆனால் பணம் முழுவதையும் முதல் நாளே கையில் எடுத்து வைக்க வேண்டும். நன்றாக வேலை செய்வது எதுவோ அதுவே ஏழைப் பெண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

அந்த விலையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் செய்து பார்த்தார்கள். 2007 முதல் 2011 வரை 9,256 பெண்களைச் சேர்த்தார்கள். எல்லா முறைகளையும் விளக்கிச் சொல்லி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம் என்றார்கள். அந்தக் காலத்தில் நாடு முழுவதும் கருத்தடை பயன்படுத்தும் பெண்களில் கருப்பைச் சாதனமோ, தோலுக்கடியில் வைக்கும் குச்சியோ வைத்துக்கொண்டவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. இங்கே? நான்கில் மூன்று பேர் அவற்றையே தேர்ந்தெடுத்தார்கள்! இந்தப் பெண்களிடையே கருக்கலைப்பு விகிதம், அந்த வட்டாரத்தின் விகிதத்தில் பாதிக்கும் கீழே இருந்தது. பதின்வயதுப் பிரசவம் ஆயிரத்துக்கு 6.3. அதே சமயம் நாட்டின் சராசரி 34.3.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் தாமாக முன்வந்து சேர்ந்த பெண்கள். ஆலோசனையும் நிறையக் கிடைத்தது. வித்தியாசம் முழுவதையும் விலையின் கணக்கில் எழுத முடியாது. இருந்தாலும், நல்ல முறையை எடுத்துக்கொள்ள விலையும் ஒரு பெரிய தடையாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்? கருக்கலைப்பு குறைய வேண்டும் என்று உள்ளார நினைக்கிற ஒவ்வொருவரும் இந்த எண்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இந்தப் பகுதியை மட்டுமாவது பகிருங்கள்.

[காட்சி: முதியோர் இல்லம், கன்னியாஸ்திரிகள்]

எதிர்த்தரப்பையும் கேட்போம். 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் சபை, ஆதரவற்ற முதியவர்களைப் பராமரிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டது. நீங்கள் பணம் தர வேண்டாம், ஆட்சேபம் இருக்கிறது என்று ஒரு படிவம் மட்டும் கொடுங்கள், மற்றதைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றது அரசு. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதே எங்களைப் பாவத்தில் பங்காளியாக்கும் என்றார்கள் அவர்கள். அவர்களுடைய தொண்டின் முன் தலை வணங்குகிறேன். அந்த மனச்சாட்சி உண்மையானது என்றும் நம்புகிறேன். ஆனால் இப்படிப்பட்ட அமைப்புகளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணுக்கும் ஒரு மனச்சாட்சி இருக்கிறதே. அவளுடைய நம்பிக்கை வேறாக இருந்தால்?

டிரம்ப் அரசு விலக்கை இன்னும் விரிவாக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2020 மே மாதம், கொரோனா காலம், வாதங்கள் தொலைபேசியில் நடந்தன. 87 வயதுக் கின்ஸ்பர்க் பித்தப்பைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். படுக்கையிலிருந்தே தொலைபேசியில் இணைந்து அரசு வழக்கறிஞரைக் கேள்வி கேட்டார். ஜூலையில் 7-க்கு 2 என்று விலக்கு நிலைத்தது. 70,500 முதல் 1,26,400 பெண்கள்வரை காப்பீட்டை இழக்கலாம் என்ற அரசின் மதிப்பீட்டைத் தன் மாறுபட்ட தீர்ப்பில் எழுதிவைத்தார் கின்ஸ்பர்க். செப்டம்பரில் காலமானார்.

[காட்சி: மருந்துக் கடை, மறுபடியும்]

இப்போது நிலவரம் என்ன? அடிப்படைச் சட்டம் இன்னும் இருக்கிறது. கோடிக்கணக்கான பெண்கள் அதனால் பயனடைகிறார்கள். 2023 ஜூலையில் 'ஓபில்' என்ற மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்காவில் மருந்துச் சீட்டே இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய முதல் தினசரிக் கருத்தடை மாத்திரை அதுதான். 2024-இல் ஒரு மாதத்துக்கு 19.99 டாலர் என்று விற்பனைக்கு வந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சீட்டு இல்லாமல் வாங்கினால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டும் என்ற கட்டாயம் நாடு முழுவதற்குமாக இல்லை. 2024 அக்டோபரில் பைடன் அரசு அதை மாற்ற ஒரு விதியை முன்மொழிந்தது. 2025 ஜனவரியில் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது.

மேரிலாந்து, கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தாங்களாகவே சட்டம் போட்டு, சீட்டில்லாத கருத்தடைக்கும் காப்பீடு தரச் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து பார்க்கிற சகோதரிகளே, கணவர் வேலையில் கிடைத்த காப்பீடாக இருந்தாலும் சரி, உங்கள் சொந்த வேலையில் கிடைத்ததாக இருந்தாலும் சரி, அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு இன்றே ஒரு முறை பேசுங்கள். எந்தெந்த முறைக்கு முழுப் பணம் தருவார்கள், உங்கள் மாநிலத்தில் சீட்டு வேண்டுமா என்று கேளுங்கள். கிடைத்த பதிலைக் கீழே எழுதுங்கள். அடுத்து பார்க்கிறவருக்கு அது உதவும்.