முகத்தை முடிவு செய்வது யார்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். குழந்தைகளுக்கான அனிமேஷன் மாயக் கதைகளில் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைப்பது திரையில் தெரியும் முகங்களாலா, கதையை உருவாக்கும் கைகளாலா என்பது தலைப்பு. கைகளால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "ஆறு வயதுக் குழந்தை படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலையா படிக்கிறது? தன்னைப் போல ஒரு முகத்தைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தன் நிறத்தில் ஒரு நாயகியைப் பார்க்கும் பிள்ளையின் சந்தோஷத்தை நானும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த முகம் வந்து என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

டிஸ்னியின் முதல் இளவரசி ஸ்னோ ஒயிட் 1937ல் வந்தாள். டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி டியானா வந்தது 2009ல். இடையில் 72 ஆண்டுகள்! தயாரிப்பின்போது அவளுக்கு முதலில் வைத்த பெயர் மேடி; வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்திக்குப் பணிப்பெண். எதிர்ப்பு கிளம்பிய பிறகு இரண்டையும் மாற்றினார்கள். சரி, படத்திலாவது அவள் முகத்தைப் பார்த்தோமா? கதையில் தவளையாக மாறிவிடுவதால் பெரும்பகுதி தவளையாகவே வருகிறாள். டியானா உழைப்பாளி, தன்மானம் உள்ளவள், எனக்கும் பிடித்தவள். அதனால்தான் வலிக்கிறது.

இப்போது 2016ல் வந்த டிஸ்னியின் 'மோவானா' படத்தைப் பாருங்கள். பசிபிக் தீவுகளின் கதை. மானுடவியலாளர்கள், கலைஞர்கள், கடலோடிகள் என்று அந்த மண்ணின் ஆட்களைச் சேர்த்து 'ஓசியானிக் ஸ்டோரி டிரஸ்ட்' என்ற ஆலோசனைக் குழுவை வைத்தார்கள். தேவவீரன் மாவுயியை முதலில் மொட்டைத் தலையாக வரைந்திருந்தார்கள். குழுவில் இருந்த தாஹிட்டித் தீவைச் சேர்ந்தவர்கள் ஒப்பவில்லை. அவனுடைய சக்தி கூந்தலில் இருக்கிறது என்றார்கள். இன்று நாம் பார்க்கும் அடர்ந்த சுருள்முடி அப்படி வந்தது. மோவானா கோபத்தில் தேங்காய்களை வீசி எறியும் காட்சியும் போனது. தேங்காயை நம்பி வாழும் தீவுப் பெண் அப்படிச் செய்ய மாட்டாள் என்று சொல்ல, அங்கே ஆள் இருந்தது. சமோவாவில் பிறந்த ஒபெட்டாயா ஃபோவாயி பாடல்களில் பங்கெடுத்தார், அதனால் தீவு மொழிகளும் திரையில் ஒலித்தன.

இதே படத்துக்காகக் கடைக்கு வந்த மாவுயி உடையைச் சொல்லாமல் விட முடியாது. பழுப்புத் தோலும் பச்சைக்குத்தும் அச்சடித்த உடை, பிள்ளைகள் போட்டுக்கொள்வதற்கு! தீவு மக்கள் கொதித்தார்கள், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. முகம் அதே மாவுயியின் முகம்தான். இன்னொருவர் தோலை மாட்டிக்கொள்ளும் உடையாகத் தைத்து விற்கலாம் என்று ஒரு வணிக அறையில் முடிவெடுத்திருக்கிறார்களே, அந்த அறையைப் பற்றித்தான் என் பேச்சு.

அடுத்த ஆண்டே, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழி வாரத்தில், 'மோவானா' மாவோரி மொழியில் வந்தது. ஆங்கிலத்தில் மோவானாவின் பாட்டி தாலாவுக்குக் குரல் கொடுத்த ரேச்சல் ஹவுஸ், மாவோரியிலும் கொடுத்தார். அந்த இனத்தின் கலைஞர்கள் முதலிலேயே உள்ளே இருந்ததால் இது கைகூடியது.

மெக்சிகோவின் இறந்தோர் திருநாளை மையமாக வைத்த 'கோகோ' படமும் இதைத்தான் காட்டுகிறது. 2013ல் அந்தத் திருநாளின் பெயரையே வணிகமுத்திரையாகப் பதிய டிஸ்னி விண்ணப்பித்தது. மக்கள் கொந்தளித்ததும் விலக்கிக்கொண்டது. அந்த முயற்சியைக் கேலிச்சித்திரத்தால் சாடிய லாலோ அல்கராஸையே பிறகு படத்துக்கு ஆலோசகராக அழைத்தார்கள். மெக்சிகோ வழிவந்த ஏட்ரியன் மோலினா திரைக்கதையில் பங்கெடுத்தார், இணை இயக்குநராகவும் ஆனார்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்று கேட்கிறேன், நடுவர் அவர்களே. அந்தத் தாஹிட்டிக்காரர்களை யாரும் கேட்டிருக்காவிட்டால், மாவுயியின் முகம் மட்டும் தன் கூந்தலைத் தானே கேட்டு வாங்கியிருக்குமா? பதில் சொல்லிவிட்டு அவர் தன் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி.