ஏட்டுச் சுரைக்காயும் செவலைப் பூனையும்

தலைவர் அவர்களே, கல்யாண வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அம்மையார் அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் மலையாளத்தில் பேசிக் கைதட்டலை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்ட தலைமையாசிரியர் அவர்களே, படிப்பகச் செயலாளர் அவர்களே, பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த வருஷம் அந்தக் காசுக்கு ஒரு லென்ஸ் வாங்குங்கள் என்று செயலாளர் காதில் சொன்னேன். இப்போது மைக்கிலும் சொல்லியாகிவிட்டது.

மரபணுவை செல் எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்பது தலைப்பு. பாக்டீரியா, பூனை, மனிதன் என்று மூன்றையும் சொல்கிறேன்.

கல்லீரல் செல்லிலும் கண் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதி. புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. இருந்தும் கல்லீரலுக்குப் பார்வை இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது! எழுதியிருந்தால் போதாது, செல் அதை ஆர்.என்.ஏ. நகலாக எடுக்க வேண்டும். மரபணுவைத் திறப்பது என்றால் அதுதான். இதை 1961-ல் பாரிசில் விஞ்ஞானிகள் ஜாக்கோப், மோனோ இருவரும் பாக்டீரியாவை வைத்து விளக்கினார்கள். பால் சர்க்கரை இல்லாதபோது, அதைச் செரிக்கும் மரபணுக்களின் வாசலில் ஒரு புரதம் குந்தி வழியை மறிக்கும். சர்க்கரை வந்தால் எழுந்து போய்விடும். 1965-ல் நோபல் பரிசு.

சரி, பூனைக்கு வருவோம். நம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் செவலை, கறுப்பு, வெள்ளை மூன்றும் கலந்த பூனை ஒன்று. கடைக்காரர் அதற்கு முருகன் என்று பேர் வைத்திருந்தார். "அண்ணா, இது பெட்டை" என்றேன். "தூக்கிப் பார்த்தீங்களா வாத்தியாரே?" என்றார். "தோலைப் பார்த்தாலே தெரியும்" என்றேன். கடையே சிரித்தது. லாரி டிரைவர் ஒருவர் வடைக்குப் பந்தயம் கட்டினார். மாதம் திரும்பவில்லை, முருகன் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் நாலு குட்டி போட்டான்! எனக்கு வடை வந்தது. பூனை பேர் மட்டும் இன்னும் முருகன்தான்.

எப்படித் தெரிந்தது? செவலையா கறுப்பா என்று சொல்லும் மரபணு, மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்றான எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். கருவிலேயே ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒன்றை மூடிவிடும். அதன் வாரிசு செல்களும் அப்படியே மூடி வைக்கும். ஒரு திட்டு செவலை, ஒரு திட்டு கறுப்பு. வெள்ளைக்கு வேறு மரபணு. இதைச் சொன்னவர் பிரிட்டன் விஞ்ஞானி மேரி லயன் அம்மையார், அதே 1961-ல். கடுவனுக்கு ஒரே எக்ஸ் என்பதால் மூன்று நிறம் அபூர்வம். அமெரிக்காவில் 2001-ல் இப்படிப்பட்ட பூனையைக் குளோனிங் செய்தார்கள்; செவலை மரபணு இருந்தும் குட்டிக்கு செவலையே வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய்!

மூன்றாவது மனிதன். நம் மாவட்டத்து அட்டப்பாடியில், ரத்தச் சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடும் அரிவாள் செல் நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஹீமோகுளோபின் என்பது அந்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். பிறந்த பின் மூடிக்கொள்ளும் கருப்பருவ ஹீமோகுளோபின் மரபணுவைத் திரும்பத் திறக்கும் சிகிச்சைக்கு 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. இது தனி உரைக்கான சங்கதி. தலைவர் மணியைப் பார்க்கிறார்.

நான் வந்த காரியம் வேறு. நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். வெங்காயத் தோலைக்கூட மைக்ராஸ்கோப்பில் பார்க்காத பிள்ளை செல் படம் வரைந்து மார்க் வாங்குகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா, அம்மையாரே? சாவி இருக்கிறது, திறக்க ஆளில்லை என்கிறார்கள். தமிழ் தெரிந்த ஆய்வக உதவியாளர் ஒருவர் போதும்.

வாசலில் மேஜை போட்டு மனு வைத்திருக்கிறோம். பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். பேனா கட்டித்தான் வைத்திருக்கிறது, அறுத்துக்கொண்டு போக வேண்டாம். நன்றி, வணக்கம்.