அடுத்த அட்டையின் ஓரம் தெரியட்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கைத்தொலைபேசித் திரையில் விரலை வைத்து இடப்பக்கம் தள்ளுகிறீர்கள். ஒரு படம் போய் அடுத்த படம் வந்து, சரியாக நடுவில் நிற்கிறது. சாதாரண ஸ்க்ரோல் ஒரு சறுக்குமரம், வேகம் தீர்ந்த இடத்தில் நின்றுவிடும். பக்கம் பக்கமாக நகர்வது படிக்கட்டு. படியில்தான் நிற்க முடியும், நடுவில் நிற்க இடமில்லை. அந்தப் படியின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

செயலி எழுதுவது என் தொழில். கேட்பதற்கு இது கடுகளவு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நம் வீட்டுப் பெரியவர் ஒரு செயலியைத் தானே பயன்படுத்துவதும், "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று பேரனிடம் நீட்டிவிடுவதும் பல நேரம் இந்த அகலத்தைப் பொறுத்துத்தான் அமைகிறது.

சிங்கப்பூரில் தைப்பூசத்துக்கு ஒரு செயலி செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்தில் தொடங்கி, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை காவடி செல்லும் வழியில் எங்கே தண்ணீர்ப் பந்தல், எங்கே உட்கார இடம், எங்கே முதலுதவி என்று இடத்துக்கு ஓர் அட்டை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும்.

ஐபோனில் ஸ்க்ரோல் வியூ என்ற சட்டத்துக்குள் இந்த அட்டைகளை வரிசையாக வைத்து, பேஜிங் என்ற ஒரு வசதியை இயக்கினால் போதும், படிப்படியாக நகரும். ஆனால் படியின் அகலத்தை நம்மால் சொல்ல முடியாது. சட்டம் எவ்வளவு அகலமோ அதுதான் படி. சட்டம் முழுத்திரை என்றால் அட்டையும் முழுத்திரை. முதல் அட்டை திரையை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, அதற்குப் பின்னால் இன்னும் ஏழு அட்டை இருக்கிறது என்று பாட்டிக்கு எப்படித் தெரியும்? கீழே பொடிப்பொடியாக எட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள். வெயிலில் நடந்துகொண்டே பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது. அடுத்த அட்டையின் ஓரம் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, விரல் தானாகவே போகும்.

சரி, அட்டையைக் குறுக்குவோம். திரையை அளக்கும் அலகுக்குப் பாயிண்ட் என்று பெயர். ஐபோன் 15-இன் திரை அகலம் 393 பாயிண்ட். அட்டைக்கு 313, இரண்டு அட்டைக்கு நடுவில் 12. ஆக ஒரு படி 325. படி அகலத்தை மாற்றாமல் அட்டையை மட்டும் குறுக்கிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொரு தள்ளலும் 393 நகரும், அட்டையோ 325-க்கு ஒன்று. முதல் தள்ளலில் 68 பாயிண்ட் விலகல். மூன்றாவதில் 204, அதாவது அட்டையின் பாதிக்கு மேல் இடப்பக்கம் மறைந்துவிடும். ஐந்தாவதில் விலகல் 340. ஆறாவது அட்டை நிற்க வேண்டிய இடத்தில் ஏழாவது அட்டை வந்து நிற்கும். அந்த ஆறாவது அட்டை முதலுதவி என்றால்?

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, எனக்கு இன்றும் பிடித்த வழி. சட்டத்தையே 325 ஆக்கி நடுவில் வைத்துவிட்டு, சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டாதே என்று சொல்லிவிடுவது. பக்கத்து அட்டைகள் இருபுறமும் 28 பாயிண்ட் தெரியும், படியும் சரியாக விழும். ஒரே சிக்கல், சட்டத்துக்கு வெளியே விரல் வைத்தால் சட்டத்துக்குத் தெரியாது. ஓரத்தில் படும் தொடுதலையும் சட்டத்திடமே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை நாம்தான் எழுத வேண்டும்.

இன்னொரு வழி 2011-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 5-உடன் வந்தது. விரலை எடுக்கும் நொடியில், இந்த வேகத்தில் போனால் எங்கே போய் நிற்கும் என்று இயங்குதளம் நம்மிடம் காட்டும். அந்த இடத்தை நாம் திருத்திக் கொடுக்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். பாதி தாண்டினால் அடுத்த அட்டை, தாண்டாவிட்டால் பழைய அட்டை என்று பலரும் எழுதுகிறார்கள். வயதானவர்களின் விரல் மெதுவாக நகரும், பாதி வருமுன் எடுத்துவிடுவார்கள், அட்டை திரும்பி ஓடிவிடும். மூன்றில் ஒரு பங்கு தாண்டினாலே போதும் என்று வைப்பதுதான் நியாயம். அதேபோல வேகமாகச் சுண்டினாலும் ஓர் அட்டைக்கு மேல் போகக் கூடாது.

செயலி எழுதும் மற்ற கருவிகளில் வேலை சுலபம். ஃபிளட்டரில் வியூபோர்ட் ஃபிராக்‌ஷன் என்ற எண் இயல்பாக 1, அதை 0.8 ஆக்கினால் பக்கம் திரையில் எண்பது விழுக்காடாகிவிடும். ஆண்ட்ராய்டின் ஜெட்பேக் கம்போஸில் பக்க அளவை நேரடியாகவே கொடுக்கலாம். 2023-இல் வந்த ஐஓஎஸ் 17-இல் ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ என்ற கருவியும் அட்டையின் விளிம்பைப் பார்த்தே நிறுத்தக் கற்றுக்கொண்டது.

ஆனால் எந்தக் கருவியும் நம் எழுத்தைப் பார்த்து அகலத்தை முடிவு செய்வதில்லை. சிங்கப்பூரில் ஒரே அட்டையில் நான்கு மொழியும் மாறி மாறி வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரைந்து பார்த்து அகலத்தைத் தீர்மானித்துவிடுகிறார்கள். தெண்டாயுதபாணி என்பது ஒரே சொல். எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவரின் தொலைபேசியில் அது குறுகிய அட்டைக்குள் அடங்காமல் பாதியில் மூன்று புள்ளியாக முடிந்துவிடும், அல்லது கண்ட இடத்தில் உடைந்துவிடும். கோயிலின் பெயரை அப்படிக் காட்டலாமா? பெரிய எழுத்து வரும்போது அட்டையை 337 வரை அகலப்படுத்தலாம். ஓரம் 16 பாயிண்ட் மிஞ்சும், அதுவும் கண்ணுக்குத் தெரியும். மேலும் இடம் வேண்டுமானால் உயரம் கூடட்டும், ஓரத்தைத் தின்னக் கூடாது. இப்போது படி 349. அதனால்தான் 325 என்ற எண்ணை நிரலில் எங்கேயும் நேரடியாக எழுதக் கூடாது, ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் செயலி எழுதும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதி முடித்ததும் உங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் தொலைபேசியைக் கொடுங்கள். எதுவும் சொல்லாமல் விரலை மட்டும் பாருங்கள். எட்டிப் பார்க்கும் ஓரத்தைச் சிலர் தள்ள மாட்டார்கள், தட்டுவார்கள். தட்டினாலும் அந்த அட்டை நடுவுக்கு வந்து நிற்கும்படி எழுதிவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.