கொடிக்கம்பியில் ஒரு கூடு

(எங்கள் தெரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். தண்ணீர், சாக்கடை விவகாரமெல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டது. சுண்டல் வருவதற்குள் பேசி முடித்துவிடச் சொன்னார்கள். சரி, குருவிக் கதைதான் பேசப்போகிறேன்.

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி தெரியுமா? வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். 1977-இல் சரணாலயமானது. மழைக்காலத்தில் கண்மாய் மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டும். தீபாவளியும் அப்போதுதான் வரும். வெடிச் சத்தத்தில் பறவைகள் மிரளும் என்று ஊரே பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறை இனிப்பு கொடுத்துவிட்டுப் போகும். பிள்ளைகளைச் சமாளிப்பது லேசா? பெற்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அதே மாவட்டத்தில் பொத்தகுடி. 2020-இல் தெருவிளக்குகளின் ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டுவிட்டது. ஒரு மாதத்துக்கும் மேல் விளக்கே போடாமல் இருட்டில் நடந்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் நினைத்தால் இது நடக்குமா?

இப்போது நம் தெரு. எதிர்வீட்டு அக்கா மாடியில் துணி காயப்போடும் கம்பியின் ஓரத்தில், மாசியில் ஒரு தேன்சிட்டு சிலந்தி நூலைக் கொண்டுவந்து சுற்ற ஆரம்பித்தது. பெண் சிட்டுதான் வேலை செய்தது. சருகு, பஞ்சு, பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் அந்த நூலாலேயே ஒட்டி, சின்னப் பை மாதிரி தொங்கவிட்டு, வாசலுக்கு மேலே தாழ்வாரம்போல ஒரு நீட்டமும் வைத்தது. ஆண் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள், குஞ்சு பொரித்த பிறகு அதுவும் இரை கொண்டு வந்தது.

முட்டை பொரிய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். அத்தனை நாளும் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தார். பக்கத்து வீட்டு அண்ணன் செம்பருத்திக்கு மருந்தடிக்கப் போனவர், சொன்னதும் தள்ளிப்போட்டார். தேன்சிட்டு என்று பேர்தானே ஒழிய, குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும்தான் சாப்பாடு. சிட்டுக்குருவிக் குஞ்சுக்கும் அப்படித்தான். வாசலில் கம்பு இறைத்துவிட்டுத் தோட்டத்தில் விஷம் அடித்தால், தாய்க்குத்தான் சோறு, குஞ்சுக்குப் பட்டினி.

பூனை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மனஸ்தாபம். யார் வீட்டுப் பூனை என்று சொல்லமாட்டேன், அவர் இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார். முறைத்தாலும், காலையில் அதை வெளியே விடாமல் வைத்திருந்தார்.

ஒருநாள் குஞ்சு ஒன்று கீழே விழுந்து கிடந்தது. மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று அக்கா தொடவே பயந்தார். அது வெறும் பேச்சு. எடுத்துக் கூட்டுக்குள் விட்டோம். கொஞ்ச நேரத்தில் தாய் வாயில் பூச்சியோடு வந்தது.

குஞ்சுகள் பறந்து இரண்டு மாதமாகிறது. அக்கா இன்னும் கூட்டைக் கழற்றவிடவில்லை. அவர் வீட்டுத் துணி எங்கள் மாடியில்தான் காய்கிறது. சுண்டல் வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்.