27 யாருக்கு?

கணக்குச் சொல்லித் தரும் ஆசிரிய நேயர்களுக்கு வணக்கம். பதின்மூன்று, பதினான்கு வயதில் கணக்கு நோட்டைக் கண்டாலே கொட்டாவி விடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. வழியும் விடையும் ஆசிரியர் கையில் இருக்கும்போது நாம் யோசிக்க என்ன மிச்சம் என்று அந்த வயதுக்குத் தோன்றிவிடுகிறது.

பேனா இருந்தால் எடுங்கள். ஏதாவது ஓர் எண். இரட்டைப்படையா, பாதியாக்குங்கள். ஒற்றைப்படையா, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வருகிற எண்ணுக்கும் அதே விதி, 1 வரும்வரை. 26-இல் தொடங்கினால் 13, 40, 20, 10, 5, 16, 8, 4, 2, 1. பத்தே படி. 28-க்குப் பதினெட்டு. நடுவில் நிற்கிற 27-க்கு? 111 படி! 9232 வரை ஏறிவிட்டுத்தான் இறங்கும்.

வகுப்பில் இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். 20 முதல் 30 வரை பிரித்து, ஓர் எண்ணுக்கு இரண்டு மூன்று பேர் என்று கொடுங்கள். ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்கலாம். “எங்களுக்கு மட்டும் முடியவே மாட்டேங்குது சார்” என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும். சிலர் ஒன்றைக் கூட்ட மறப்பார்கள். உடனே திருத்த வேண்டாம். ஒற்றைப்படையை மூன்றால் பெருக்கினால் மறுபடி ஒற்றைப்படைதானே, எண் ஏறிக்கொண்டே போகும். ஏன் இறங்கவில்லை என்று அவர்களே தேடட்டும்.

எல்லா எண்ணும் 1-க்கு வந்து சேருமா? லோதர் கொல்லாட்ஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் பெயரால் வழங்கும் இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் விடையை நிறுவவில்லை. ஆசிரியருக்கே தெரியாது என்றதும் கடைசி வரிசையும் நிமிரும்.

அடுத்தது, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டபோது, கேள்விக்குப் பின் ஆசிரியர் காத்திருந்தது சராசரியாக ஒரே விநாடி. அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளுகின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டார். திரும்பவும் சொல்கிறேன், மூன்றே விநாடி. அந்த மௌனத்தில் குறிப்புக் கொடுத்துவிடுவதுதான் நம்மில் பலரின் வழக்கம்.

விடைத்தாள் திருத்துவது பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தால் தவறு என்று அடித்துவிடாதீர்கள். “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?” என்று ஓரத்தில் எழுதுங்கள். மதிப்பெண் அடுத்த நாள் போதும். சேர்த்துக் கொடுத்தால் அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுவார்கள். வணக்கம்.